கரடிக்கு மத்தியானம் வேலை இல்லை

இன்று காலை கடையில் தீப்பெட்டி கேட்டேன். கடைக்காரர் எடுத்துப் போட்டதில் கரடிப் படம். ஏதோ புதுக் கம்பெனி லேபிளாம், இந்த வாரம்தான் வந்து இறங்கியிருக்கிறதாம். ஒரு கரடி பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றுகொண்டு, பரிசு வாங்க மேடையேறினது போல நம்மையே பார்க்கிறது. கடை வாசலில் நின்று நான் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். தலை நரைக்கத் தொடங்கிய டீச்சர் ஒருத்தி தெருவில் தனியாகச் சிரித்தால், இந்த ஊரில் சாயந்திரத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் சேதி போய்விடும். போகட்டும். நீ கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. ஊர்ச்சேதியை உன்னிடம் ஒப்பிக்காமல் எனக்குச் சோறு இறங்கினதே இல்லை. அந்தப் பழக்கத்தை நீ போகும்போது கூட்டிக்கொண்டு போகாமல் என்னிடமே விட்டுவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைக் கரடியாக்கினவள் நீ என்று இப்போதுள்ள டீச்சர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நீ கணக்கு, நான் தமிழ். வருஷா வருஷம் கால அட்டவணை போடுகிற வேலை உன் தலையில்தான் விழும். மற்றப் பள்ளிகளில் காகிதத்தில் கட்டம் போட்டு, எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் காகிதமும் கிழியும், போடுகிறவர் பொறுமையும் கிழியும். நீ காகிதத்தை நம்பவில்லை. தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற ஊர் இது. பாதிப் பிள்ளைகள் விடியும் முன்னால் எழுந்து வீட்டில் பெட்டி ஒட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். அவர்களிடம் சொல்லிக் காலிப் பெட்டிகளை வரவழைத்தாய். நூலக அறையின் நீள மேசையில் சாக்கட்டியால் கோடு போட்டாய். மேலே கிழமைகளும் பீரியடுகளும், பக்கவாட்டில் வகுப்புகளும். ஒரு டீச்சருக்கு ஒரு லேபிள். எந்த வகுப்புக்கு எந்த நேரம் யார் போகிறார்களோ, அந்தக் கட்டத்தில் அவர்களுடைய பெட்டி. ஒரே நேரத்தில் ஒரே லேபிள் இரண்டு வகுப்பில் நின்றால் உடனே கண்ணில் படும். விரலால் நகர்த்திவிட்டால் ஆயிற்று.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான். எச்.எம். அம்மாவுக்கு மயில். தையல் டீச்சருக்கு ரோஜாப்பூ. எனக்கு மட்டும் ஏன் கரடி என்று ஒரு வாரம் உன்னைக் குடைந்தேன். "கையில ஆப்பிட்டது கரடி. அதுக்கு நான் என்னட்டி செய்ய?" என்றாய். உனக்கு நீயே எடுத்துக்கொண்டது வாத்து. அதற்கு மேல் சண்டையை வளர்க்க வழியில்லாமல் போயிற்று.

பிள்ளைகள் முன்னால் நாம் ஒருவரையொருவர் டீச்சர், டீச்சர் என்று மரியாதையில் குளிப்பாட்டிக்கொள்வோம். கதவைச் சாத்தினால் ஏட்டிதான். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பாட்டுப்பாடுகிறவள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். நான் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துப் பருத்திக்காட்டில் பிறந்து, தமிழ் படித்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு பேருக்கும் எப்படி ஒட்டியது என்று ஊருக்கு ஆச்சரியம். ஊரைப் பற்றி நாம் பேசிக்கொண்டது தெரிந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்காது.

உன் மனதில் ஒரே ஒரு முள் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகள் சர்டிபிகேட் வாங்க வருவார்கள். வாங்கின கையோடு உன் மேசைப் பக்கம் வந்து நின்று, "இனி என்ன டீச்சர்?" என்பார்கள். அன்றைக்கெல்லாம் நீ சரியாகச் சாப்பிட மாட்டாய். "டீச்சர் டிரெயினிங்கு, நர்சு, இல்லாட்டி கல்யாணம். மூணே கதவு. நாலாவதா ஒண்ணு வைக்கணும்ட்டி," என்பாய். மூன்றாவது கதவுக்குள் போனவள் என்கிற முறையில் நான், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். நீ சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய வகுப்புகளில் பாடத்தோடு ஒரு தொழிலும் சேர்த்துப் படிக்கலாமென்று சர்க்கார் வழி திறந்துவிட்டிருந்தது. பையன்கள் பள்ளிகளில் பட்டறை வைத்தார்கள், விவசாயம் வைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு டைப்பும் சுருக்கெழுத்தும் வைக்கலாம் என்றாய் நீ. பள்ளிக் கமிட்டி, செய்துகொள், ஆனால் மெஷின் கேட்காதே என்றது. மெஷின் இல்லாமல் டைப் கற்றுக்கொடுப்பது, மாடு இல்லாமல் பால் கறப்பது மாதிரி என்று நான் சொன்னேன். நீ குடையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் புறப்பட்டாய். வேடிக்கை பார்க்க நானும் வந்தேன்.

ஜவுளிக்கடை மாடியில் அண்ணாச்சி ஒருவர் டைப் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தார். பையன்கள் மட்டுமே வருகிற இடம். நாம் இருவரும் படியேறி வந்ததைப் பார்த்ததும் அவசரமாக ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தது. நீ விஷயத்தைச் சொன்னாய்.

"காலையிலயும் சாயந்திரமும் பயலுவ வருதானுவ. பன்னெண்டுக்கு மேல ரெண்டு மணி வரைக்கும் மெஷினெல்லாம் உறை மூடிச் சும்மாதான் கெடக்கு. ஆனா டீச்சர், பொம்பளப் பிள்ளைய மாடி ஏறி வந்தா ஊரு என்ன சொல்லும்?"

"மாடி ஏறுதாவன்னு சொல்லும் அண்ணாச்சி," என்றாய் நீ.

அவர் கொஞ்ச நேரம் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். மத்தியானம் முழுக்க உங்களுக்குத்தான் என்றார். அதற்குப் பிறகு நீ வருகிற நாட்களில் அவர் பொத்தானைச் சரியாகப் போட்டிருந்தார் என்பதையும், தலைக்கு எண்ணெய் கூடத் தடவியிருந்தார் என்பதையும் நான்தான் கவனித்தேன். உன்னிடம் சொன்னபோது குடையால் என் முதுகில் ஒன்று வைத்தாய்.

மத்தியானம் என்பது மெஷினுக்கு மட்டும் வாய்த்த நேரமில்லை, நம் பிள்ளைகளுக்கும் அதை விட்டால் வேறு பொழுது கிடையாது. கடம்பூரிலிருந்து வருகிறவர்கள் காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கி, சாயந்திரம் மணி அடித்ததும் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் பெட்டி ஒட்டுகிற வேலை. ஆகவே டைப் படிக்கிறவர்களை மத்தியான மணிக்கு ஒரு பீரியட் முன்னாலேயே அனுப்பி, சாப்பாட்டு நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்டால் சரியாக வரும். அவர்கள் இழக்கிற பீரியடை வாரத்தில் வேறெங்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பாடத்திலும் ஒரு பீரியட் குறையக்கூடாது, குறைந்தால் அனுமதி இல்லை என்று கல்வி இலாகாவில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நேரில் வந்து அட்டவணையைப் பார்ப்பார்களாம். பார்த்துப் பிடித்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் சர்டிபிகேட் வாங்கின பிள்ளைகள் உன் மேசைப் பக்கம் வந்து நிற்பார்கள்.

எச்.எம். அம்மாவும் ஒரு நிபந்தனை போட்டார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகள் நட்ட நடு மத்தியானம் பஜார் வழியே போகிறார்கள். வரிசைக்கு முன்னால் ஒரு டீச்சர், பின்னால் ஒரு டீச்சர், தினமும். அது இல்லாமல் தகப்பன்மார் யாரும் அனுப்ப மாட்டார்கள் என்றார்கள். அது உண்மைதான். முன்னால் போக நீ இருந்தாய். பின்னால் போக ஆள் வேண்டும். மத்தியானம் எல்லா டீச்சர்களும் வீட்டுக்கு ஓடுவார்கள். ஒருத்திக்குப் பால்குடிப் பிள்ளை, ஒருத்திக்குப் படுத்த மாமனார், ஒருத்திக்கு நேரத்துக்குச் சாப்பாடு கேட்கிற புருஷன். பள்ளியை விட்டு நகராமல் இருந்த ஆத்மா ஒன்றே ஒன்று. அது ஓய்வறை பெஞ்சில், முகத்தில் பத்திரிகையை மூடிக்கொண்டு நீட்டி நிமிர்ந்து கிடக்கும். என் மத்தியானத் தூக்கம் ஊர் பிரசித்தம். பத்திரிகை ஏறி இறங்குவதைப் பார்த்தே எத்தனையாவது கனவில் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாமாம். தையல் டீச்சர் சொல்வாள்.

எல்லோரும் நீ என்னைக் கேட்பாய் என்றே காத்திருந்தார்கள். நீ கேட்கவில்லை. டிரில் டீச்சரைக் கேட்டாய். தையல் டீச்சரை இரண்டு தடவை கேட்டாய். உங்கள் கோயிலில் வீடு வீடாகப் போய் பைபிள் வாசிக்கிற பாட்டியம்மாளைக்கூடக் கேட்டாய், அவர்களுக்கு முழங்கால் வலி. என்னை மட்டும் கேட்கவே இல்லை. சிநேகிதி என்பதால் சலுகை என்று காதில் விழும்படியாகவே பேசினார்கள். எனக்கே அது கொஞ்சம் புதிராகத்தான் இருந்தது. ஆனால் கேளாத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிற குணம் என் வம்சத்தில் யாருக்கும் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அட்டவணை முடிந்திருந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பி, வரிசைக்குப் பின்னால் நடக்கிறவளுக்கு வைத்திருந்த கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. இன்ஸ்பெக்ட்ரஸ் வரப்போவது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் ஆண்டவர் ஒரு வழி காட்டுவார் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாய்.

ஆண்டவர் மாடத்தியை அனுப்பினார்.

நம் பள்ளி ஆயா மாடத்தி சனிக்கிழமை கூட்டிப் பெருக்க வந்திருக்கிறாள். நூலகத்தைத் திறந்தால் மேசை முழுக்கத் தீப்பெட்டி. மயிலும் ரோஜாவும் கரடியும் வாத்தும் கலந்து கிடக்கிறது. அவள் வீட்டிலும் அவள் தெருவிலும் எல்லோரும் பெட்டி ஒட்டுகிறவர்கள்தான். அவளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. திங்கட்கிழமை காலையில் நாம் போய்ப் பார்த்தபோது மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது, சாக்கட்டிக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. ஓரத்தில் மயில் தனி, ரோஜா தனி, கரடி தனி, வாத்து தனி என்று பிரித்து, நூல் போட்டு இறுக்கி, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தது.

"யாரோ பிள்ள வீட்டு வேலையை இங்கன விட்டுட்டுப் போயிருக்குன்னு நெனச்சேன் டீச்சர். லேபிளு கலந்து கெடந்தா ஆபீஸ்ல கழிச்சுப் போடுவாவல்லா. பாவம், கூலி போயிருமேன்னு பிரிச்சுக் கட்டி வச்சேன்," என்றாள் மாடத்தி. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஒரு மாத வேலை. நான் உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். நீ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாய். ஒரு கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு, "அழகாக் கட்டியிருக்க மாடத்தி," என்றாய். அவள் சந்தோஷமாக வாளியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தாய். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாய். பாதியில் அது சிரிப்புதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சேதி பரவி எல்லா டீச்சர்களும் வந்துவிட்டார்கள். எச்.எம். அம்மாவும் வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான், அட்டவணையாக விரிந்து கிடந்தவரையில் ஒருவர் கண்ணிலும் படாத ஒன்று கட்டுகளாக நின்றபோது எல்லோர் கண்ணிலும் பட்டது. யார் எத்தனை பீரியட் சுமக்கிறார்கள் என்பது உயரமாகத் தெரிந்தது.

"ஏயம்மா, கரடியைப் பாருங்க," என்றாள் தையல் டீச்சர். "கைக்குள்ள அடங்கிரும் போலுக்கே. வாத்து பனைமரம் கணக்கா நிக்கி. சிநேகிதத்துக்கு ஒரு நியாயம், மத்தவியளுக்கு ஒரு நியாயமா டீச்சர்?"

 நீ தலை நிமிராமல் சொன்னாய். குரல் உயரவில்லை, இன்னும் தாழ்ந்துதான் இருந்தது. "அது நான் போட்ட கணக்கு. அதை யாரும் எண்ண வேண்டாம்."

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. முந்தின வருஷக் கடைசியில் நான் லீவு எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது வயிற்றில் பிள்ளை இருந்தது. திரும்பி வரும்போது வயிற்றிலும் இல்லை, கையிலும் இல்லை. ஊரே ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தது. அடுத்தது தங்கும் என்றது. யார் கண்ணு பட்டதோ என்றது. சாப்பிடு, தூங்கு என்றது. நீ வந்தாய், அடுக்களைக்குள் போய் ரசம் வைத்தாய், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாய், போய்விட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பள்ளி திறந்தபோது என் மத்தியானங்கள் காலியாக இருந்தன. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் போய் விழுந்தேன். அந்தக் காலி இடங்களை ஒவ்வொன்றாக எனக்காகத் திறந்து வைத்து, அதற்கு ஈடான பெட்டிகளை நீ உன் வாத்துக்கட்டின் மேல் அடுக்கிக்கொண்டாய். அந்த இடத்தை மட்டும் நிரப்பக் கூடாது என்றுதான் ஊரில் எல்லோரையும் கேட்டு என்னைக் கேட்காமல் இருந்தாய். நாலாவது கதவு நின்றுபோனாலும் போகட்டும் என்று இருந்தாய்.

நான் கரடிக்கட்டைக் கையில் எடுத்தேன். தையல் டீச்சர் சொன்னது சரிதான், கைக்குள் அடங்கியது.

"டீச்சர், இது போதாது," என்றேன். "இன்னும் அஞ்சு கரடி வேணும். மாடத்தி வீட்டில இருக்குமான்னு கேளுங்க."

நீ நிமிர்ந்து பார்த்தாய். "மத்தியான வெயிலு மண்டையைப் பிளக்கும்."

"பிளக்கட்டும். பெஞ்சில படுத்தா மட்டும் தூக்கமா வருது?"

அந்தப் பத்திரிகைக்குக் கீழே நான் ஒரு நாளும் தூங்கினதில்லை என்பது அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரியும். உனக்கு முன்பே தெரிந்திருந்தது.  தையல் டீச்சர்தான் முதலில் அசைந்தாள். வாத்துக்கட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மேலேயிருந்து இரண்டு பெட்டியை எடுத்தாள். "இந்த ரெண்டு வகுப்பையும் நான் பாத்துக்கிடுதேன்," என்று ரோஜாப்பூவை அந்த இடத்தில் வைத்தாள். அவள் வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கும், ஆனால் அன்றைக்கு அவள் பல்லுக்கு நான் இன்னும் நன்றியாக இருக்கிறேன். அவள் எடுத்ததைப் பார்த்து டிரில் டீச்சர் ஒன்று எடுத்தாள். எச்.எம். அம்மா தன் மயிலை நகர்த்தி ஒரு காலை பீரியடை விட்டுக்கொடுத்தார்கள். அது பூமி நகர்ந்த மாதிரி.

மறுபடி கோடு போட்டோம். இந்தத் தடவை நீ வேறு விதமாக ஆரம்பித்தாய். வழக்கமாக முதலில் டீச்சர்களை உட்கார வைப்பாய். அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பான ஆறாம் பாரத்து மத்தியானத்தை முதலில் வைத்தாய். கடம்பூர் ரயிலை வைத்தாய். "பிள்ளையளை முதல்ல வைப்போம். நாம பிறகு கிடைச்ச இடத்தில உக்காந்துக்கிடுவோம்," என்றாய். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. முதல் தடவை ஒரு மாதம் பிடித்த வேலை.

செவ்வாய்க்கிழமை மழை. நம் ஊர் மழை உனக்குத் தெரியாததா? கரிசல் நனைந்தால் வழி என்று ஒன்று இருக்காது, பசைதான் இருக்கும். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா அட்டவணையை ஒரு குறையும் சொல்லாமல் பார்த்துவிட்டு, சரி, இந்தப் பிள்ளைகள் போகிற வழியை நானும் நடந்து பார்க்கிறேன் என்றார்கள். நீ முன்னால், நான் பின்னால், நடுவில் பிள்ளைகள், பிள்ளைகளுக்கு நடுவில் அந்த அம்மா. குறுக்கு வழியில் பாதி தூரம் போனதும் அவர்களுடைய செருப்பு ஒன்றைக் கரிசல் பிடித்துக்கொண்டு தர மாட்டேன் என்றது. நாலு பிள்ளைகள் குனிந்து இழுத்தார்கள். செருப்பு வந்தது, வார் வரவில்லை. அம்மா மற்றதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மாடிப்படி ஏறினார்கள். அண்ணாச்சி பயத்தில் சட்டையை மறந்து துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு நின்றார். பிள்ளைகள் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கும் ஒரு எழுத்தும் தெரியாது, எல்லோரும் சும்மா தட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த அம்மா நின்றபடியே அனுமதியில் கையெழுத்துப் போட்டார்கள்.

ஊர் ஒரு மாதம் பேசியது. பிறகு பஜாரில் நம் வரிசையைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ள ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகள் மேலே தட்டிக்கொண்டிருக்கும்போது நாம் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். உன் டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய், என் டப்பாவில் தயிர்ச்சோறு. எந்த மாதம் என்று ஞாபகமில்லை. மேலே எல்லா மெஷினும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள், எந்தக் காரணமும் இல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டேன். பிரசவமான நாளிலிருந்து அதுவரை அழுததில்லை. வீட்டில் அழுதால் யாராவது ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிடுவார்கள் என்று பயம். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நீ டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாய். ரொம்ப நேரம் கழித்து, "பேரு யோசிச்சு வச்சிருந்தியா?" என்று கேட்டாய். உலகத்தில் அதைக் கேட்டவள் நீ ஒருத்தி. என் வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை, பாவம், அவருக்குக் கேட்கத் தெரியாது. நான் சொன்னேன். நீ அந்தப் பேரை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாய். "நல்ல பேருட்டி," என்றாய். அவ்வளவுதான். பிள்ளைகள் இறங்கி வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாய்.

டைப் படித்தவர்கள் எல்லோரும் டைப்பிஸ்ட் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் நீயே அடிக்க வருவாய். பாதிப் பேர் அதே மூன்றாவது கதவுக்குள்தான் போனார்கள். சிலருக்கு வேகம் வரவில்லை. சிலருக்கு அப்பன் விடவில்லை. ஆனால் மில் ஆபீசில் ஒருத்தி உட்கார்ந்தாள், தாலுகா ஆபீசில் ஒருத்தி, மணியாச்சியில் ரயில்வே வேலைக்கு ஒருத்தி. எங்கள் ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், டைப்பு அடிச்சா கம்பு விளையுமா என்று பள்ளிக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாரே, அவர் மகளுக்கு மில்லில் வேலை கிடைத்ததும் ஒரு மூட்டைக் கம்போடு வந்து நின்றார். உன்னிடம் பேச வாய் வராமல் என்னிடம், டீச்சர் வீட்டில் குத்தி இடிக்க ஆள் உண்டா என்று மட்டும் கேட்டார். அந்தக் கம்பங்கூழை ஒரு மாதம் குடித்தோம். எனக்கு இன்றைக்கும் அந்த ருசி பிடிக்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம், நான் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு சொன்னேன். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது என்றேன். எண்ணெய் வைக்கச் சொல்லு என்றாய். அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எச்.எம். அம்மா உன் அடக்கத்துக்கு வந்துவிட்டுப் போகும்போதே, இனி அது நீங்கதான் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே இந்த வருஷம் போட்டவள் நான். பெட்டி வைத்துத்தான் போட்டேன். மூன்று தடவை தப்பு வந்தது. ஒரு தடவை ஆறாம் பாரத்துக்கு ஒரே நேரத்தில் பூகோளமும் டிரில்லும் விழுந்து, பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டே ஆஸ்திரேலியாவைப் படிக்க வேண்டியதாக இருந்தது. நீ பார்த்திருந்தால் சிரித்தே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாய். ஆனால் பிள்ளைகளை முதலில் வைத்தேன். ரயிலை வைத்தேன். மெஷின் உறை எடுக்கிற நேரத்தை வைத்தேன். பிறகு நம்மை.

போன வருஷம் புதிதாக ஒரு சயின்ஸ் டீச்சர் வந்தாள். உன் இடத்தில் வரிசைக்கு முன்னால் போக அவளைத்தான் எச்.எம். அம்மா போடச் சொன்னார்கள். சின்ன வயது, நல்ல கால், வெயில் தாங்குவாள் என்றார்கள். மூன்று மாதப் பிரசவ லீவு முடிந்து ஆனியில் வேலைக்குத் திரும்பி வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனேன், தொட்டில் கட்டியிருக்கவில்லை. எனக்கு ரசம் வைக்க வராது என்பது உனக்குத் தெரியும். பாத்திரம் மட்டும் கழுவிவிட்டு வந்தேன்.

அவளுடைய மத்தியானங்கள் காலியாக இருக்கின்றன. இப்போது ஓய்வறையில் காதில் விழும்படிப் பேசிக்கொள்கிறார்கள், அந்தப் புது டீச்சர் இவியளுக்குச் சொந்தமாம் என்று. நேரே ஒருத்தி வந்து கேட்டாள். ஆமா, நெருங்கின சொந்தம் என்று சொல்லிவிட்டேன்.

அப்படியானால் முன்னால் யார் போகிறது என்று எச்.எம். அம்மா கேட்டார்கள். நான் அட்டவணையைச் சுருட்டிக்கொண்டே, பிள்ளையளுக்கு வழி தெரியும்மா என்றேன். இத்தனை வருஷம் கழித்து ஊர் ஒன்றும் சொல்லாது என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சரி, பின்னால் மட்டுமாவது ஒழுங்காகப் போங்கள் என்றார்கள்.

இப்போதும் பின்னால்தான் நடக்கிறேன், குடையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியில். முன்னால் உன் இடத்தில் யாரும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளை முதலில் போகிறாள், யார் என்று அவர்களே முடிவு பண்ணிக்கொள்கிறார்கள். நேற்று கடம்பூர்ப் பிள்ளை ஒருத்தி, நல்ல கறுப்பு, எலும்பும் தோலுமாக இருப்பாள், அவள்தான் முதலில். பஜார்த் திருப்பத்தில் வரிசை வளைந்தபோது அவள் தலை மறைந்துவிட்டது. எட்டிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. மாடியில் முதல் மெஷின் தட்டுகிற சத்தம் வந்தது. நான் எப்போதும் போல மெதுவாகவே படியேறினேன்.